சிரித்தால் முழங்கால் மடிகிறது: சத்து மருந்து உதவுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒரு வருடமாக வகுப்பிலும் பஸ்ஸிலும் தூங்கி விழுகிறான். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடிந்துவிடுகிறது. கடுமையான காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகே இது தொடங்கியது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? சத்து மருந்து கொடுக்கலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, பகல் தூக்கத்துக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. சிரிக்கும்போது நினைவு தப்பாமலே தசை தளர்வதற்கு மிகச் சில காரணங்களே உள்ளன. அவற்றில் முதலாவதாக நான் சந்தேகிப்பது நார்கொலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் ஒரு மூளை நோய். உங்கள் மகனைச் சோம்பேறி என்று எவரும் ஏச இடம்கொடாதீர்கள்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸில் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் சில பத்தாயிரம் இருக்கின்றன. நம்மை விழிப்பில் நிறுத்திவைக்க இவை முக்கியமானவை. சிரித்தால் தசை தளரும் இந்த வகை நார்கொலெப்சியில் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அழிப்பது நோய்களை எதிர்க்க வேண்டிய நமது நிர்ப்பீடனத் தொகுதியே என்பது வலுவான சந்தேகம். இந்நோயாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நிர்ப்பீடனத் தொகுதியோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுக்களில் குறிப்பிட்ட ஒரு வகை இருக்கிறது. அதே மரபணு நலமாக வாழும் பலரிடமும் உண்டு. ஆகவே நோயைத் தூண்டிவிட வேறொன்றும் வேண்டும். 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலுக்குப் பின் சீனாவில் இந்நோய் கூடியது. பின்லாந்திலும் சுவீடனிலும் அக்காய்ச்சலுக்கு எதிரான பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசி பெற்ற பிள்ளைகளிடமும் கூடியது. அந்தத் தடுப்பூசி இப்போது பாவனையில் இல்லை. மற்றத் தடுப்பூசிகளைத் தவிர்த்துவிடாதீர்கள்.

எனவே, உங்கள் மகனுக்கு இருப்பது இந்நோய்தான் என்றால், எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, குறி தவறியிருக்கிறது. அழிந்த கலங்களைச் சத்து மருந்து மீட்டுத் தராது. அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

நரம்பியல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கு முன் இரண்டு வாரங்கள் அவன் தூங்கும், எழும் நேரங்களைக் குறித்துவையுங்கள். சிரித்துத் தளரும் கணத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டால் அது பல கேள்விகளுக்கு விடையாகும். இரவுத் தூக்கப் பரிசோதனையும் மறுநாள் பகல் பரிசோதனையும் நோயை உறுதிசெய்ய உதவும். விழிப்புக்கும் தசைத் தளர்ச்சிக்கும் மருந்துகள் உண்டு. நேரம் குறித்துப் போடும் பதினைந்து, இருபது நிமிடக் குட்டித் தூக்கமும் நன்றாகக் கைகொடுக்கும். வைத்தியரின் கடிதத்துடன் பாடசாலை அதிபரிடம் பேசுங்கள். நோய் கட்டுக்குள் வரும்வரை பஸ் மிதிபலகையில் நிற்கவும், ரயில் பாதையைக் கடந்து தனியே கடலுக்குப் போகவும் விடாதீர்கள்.

தூக்கம் கலையும்போது அசைய முடியாமல் கிடந்ததாக, யாரோ அமுக்கியதாக அவன் சொன்னதுண்டா? மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பயத்தில் மறைத்திருக்கலாம். அது பேய் அல்ல. இந்நோயில் அடிக்கடி காணும் அறிகுறி. அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.