கண்ணில் இரட்டைப் பார்வை என்றால் காத்திருக்காதீர்கள், சகோதரி

உங்கள் கணவருக்குப் பல வருடமாக மூக்கடைப்பு, பூஞ்சை ஒவ்வாமை சைனஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து இடப்பக்கம் பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, பலதுறை மருந்தகத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதுவரை பொறுக்க வேண்டாம். இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வண்டியை அவர் ஓட்ட வேண்டாம்.

மூக்கின் ஆழத்தில், மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஸ்பீனாய்டு என்றொரு சைனஸ் அறை இருக்கிறது. அதன் சுவரை ஒட்டியே பார்வை நரம்பு போகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் 6ஆம் மூளை நரம்பும் பக்கத்தில்தான். இந்த நோயில் பூஞ்சை பொதுவாகத் திசுவுக்குள் நுழைவதில்லை. ஆனால் பிசின் மாதிரிக் கெட்டியான சளி சேர்ந்து, அறையை உப்ப வைத்து, எலும்பை மெலித்து நரம்பை அழுத்தலாம். நீங்கள் சொன்ன அறிகுறி 6ஆம் நரம்போடு பொருந்துகிறது. காரணம் வேறாகவும் இருக்கலாம், அதைப் பரிசோதித்தே சொல்ல முடியும்.

சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் இரண்டும் எடுப்பார்களா என்று கேளுங்கள். இந்தச் சளி எம்ஆர்ஐயில் சில சமயம் கருப்பாக, வெறும் காற்று போலத் தெரியும். சிடியில்தான் அடர்த்தியாகப் பளிச்சென்று நிற்கும். அழுத்தம் உறுதியானால் எண்டோஸ்கோப் (மூக்கு வழியே விடும் கேமராக் குழாய்) வழியாகச் சளியை எடுப்பார்கள், ஸ்டீராய்டும் தருவார்கள். சீக்கிரம் அழுத்தம் நீங்கினால் நரம்பு மீள வாய்ப்பு அதிகம்.

அவருக்கு நீரிழிவு உண்டா? இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் திசுவைத் தின்னும் வேறு வகைப் பூஞ்சை நோய் வரலாம், அதற்கு மருத்துவம் வேறு. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு தலைவலி கூடினாலோ உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

போய் வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அக்கறையோடு காத்திருப்பேன்.