ஜிப்லைன், டென்ட், ஏரிக்கரை

அன்புள்ள சார்,

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தீபாவளிக்கு மறுநாள் நண்பர்கள் ஐந்து பேரோடு ஏற்காடு போகிறான். ஜிப்லைன், கயிற்றுப் பாலம், ராத்திரி டென்ட் என்று ஏதோ பேக்கேஜாம். எங்கள் காலத்தில் ஏற்காடு என்றால் போட்டிங், லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி, சாயங்காலம் பஸ் பிடித்து வீடு. இதெல்லாம் தேவையா? தங்குவதென்றால் எங்கே தங்கச் சொல்வது?

வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வயதில் பஸ் படிக்கட்டில் தொங்கியபடி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியவன் நான். இவர்களாவது பெல்ட் கட்டிக்கொண்டு தொங்குகிறார்கள்.

போன வருடம் அண்ணன் மகள் பிடிவாதத்தால் நானும் கம்பியில் தொங்கியபடி சறுக்குகிற அந்த ஜிப்லைனில் ஏறினேன். மேடையில் நின்ற உள்ளூர்ப் பையன் பெல்ட்டை மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தான். தொடைப் பட்டை ஒரு முறுக்கு முறுக்கியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. பேசாமல் எல்லாவற்றையும் அவிழ்த்து, பட்டையை நீவிவிட்டு, மறுபடியும் மாட்டினான். வரிசையில் முணுமுணுப்பு. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் கம்பியில் உருளையோடு ஒரு கொக்கி, தனியாக இன்னொன்று. பணம் கட்டுவதற்கு முன், முன்னால் போகிற நாலு பேருக்கு எப்படி மாட்டுகிறார்கள் என்று உங்கள் மகனை நின்று பார்க்கச் சொல்லுங்கள். எடையைக்கூடக் கேட்காமல் ஏற்றிவிடுகிற இடமென்றால் திரும்பிவிடலாம். சவாரி என்னவோ கத்தி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் நடைதான் சாகசம். சேலம் பக்கத்து அடிவாரமான கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏறினால் மலைமேல் குண்டூர் கிராமம். அடிவாரம் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று, குண்டூர்–நாகலூர் இன்னொன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே அதன் பிறகுதான் வந்தன.

சரி, தங்குவதற்கு வருவோம். டென்ட் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் மலைமேல் துணிக்கூரைக்குள் ஆறு பேர் படுப்பது சாகசத்தில் சேராது, சளியில் சேரும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏரியை ஒட்டிய விடுதிகள் வசதி. சுற்றுலாத் துறையின் ஹோட்டல் தமிழ்நாடும் அங்கேதான். ஆனால் தீபாவளிக் கூட்டத்தில் ஹாரன் சத்தம் ராத்திரி வரை ஓயாது. கார் இருந்தால் காப்பித் தோட்டத்து ஹோம்ஸ்டே நல்லது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்க, விடியற்காலையில் மூடுபனி ஜன்னலுக்கே வரும். ‘வாசல் வரை கார் வருமா?’ என்று மட்டும் போனிலேயே கேட்டுவிட வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஜீப் தடமாக இருந்தால், சாப்பாட்டுக்கு இருட்டில் வெளியே வருவது கஷ்டம். காட்டுமாடு வழியில் நிற்கும்.

ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. அந்தச் சமயம் நன்றாகவே கொட்டும். இறங்குகிற வழியும் அதே அளவுக்கு வழுக்கும்.

நீங்களும் கூடப் போவதென்றால் ஏரிக்கரையிலேயே ரூம் போடுங்கள். பஜ்ஜிக் கடை அங்கேதான்.