உப்பு எங்கே போகிறது என்று கேட்ட பெண்ணுக்கு எதற்கு மேனேஜ்மெண்ட் சீட்?

போன ஞாயிற்றுக்கிழமை, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டுத் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட் ஆஃப் 171. நாலாவது ஆளாகப் பெங்களூர் தாய்மாமன், போன் ஸ்பீக்கரில். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதை எடுத்தாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும் என்பது அவர் கட்சி. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட்டும் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 9 லட்சம், வெள்ளிக்கிழமைக்குள் 1 லட்சம் அட்வான்ஸ். அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. செயின் அடகுக் கடைக்குப் போயாகிவிட்டது.

நானும் வழக்கம்போல் "பதறாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். பட்டறையில் சாயத் தண்ணீரை ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி வைத்துச் சுத்தம் செய்து திரும்ப எடுப்பதைப் பற்றி அப்பா பேச்சுவாக்கில் ஏதோ சொன்னார். அதுவரை வாயே திறக்காத பெண் நிமிர்ந்து, "ஆர்.ஓ. போக மிஞ்சற தண்ணியில இருக்கிற உப்பு அப்புறம் எங்க சார் போகுது?" என்று கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் மாமா. அத்தோடு என் சமாதானப் பேச்சு முடிந்தது. ஐயா, அம்மா, இனி எழுதுவது உங்களுக்கு. மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பணம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தால் அந்தக் கட்டணச் சலுகை கிடையாது. கையில் இருக்கும் இலவசப் படிப்பை உதறிவிட்டு 9 லட்சம் கடனை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மாமா. இதில் நான் இறங்கி வர மாட்டேன். அட்வான்ஸ் கட்டாதீர்கள். செயினைத் திருப்புங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று அவளே கேட்டாலும் அதையும் கலந்தாய்விலேயே எடுக்கட்டும்.

ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது உப்பு.

2011 ஜனவரியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்க உயர் நீதிமன்றம் ஒரே உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. நீங்களே மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்ததாகச் சொன்னீர்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குளமாகி நின்றதும், கீழே நொய்யலோரம் தென்னையும் கிணறும் பாழானதும் ஊரறிந்தவை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. அதைச் சாத்தியமாக்கியது மெம்பிரேன் என்ற சவ்வும், அதைப் பழுதில்லாமல் ஓட்டத் தெரிந்த ஆட்களும்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பட்டறைத் தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்ததும் முதலில் பெரிய தொட்டியில் கலந்து சமப்படும். அப்புறம் நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்னும். அடுத்து அல்ட்ரா ஃபில்ட்ரேஷன். அதன் துளை 0.01 மைக்ரான் அளவு. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்தால் அதில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியா நுழைய முடியாது, உப்பு நுழைந்துவிடும். உப்பை நிறுத்துவது ஆர்.ஓ. எட்டு அங்குலக் குழாய்க்குள் பாய் சுருட்டியதுபோல் 400 சதுர அடி சவ்வு இருக்கும். பிரித்து விரித்தால் வாடகை வீட்டின் இரண்டு மூன்று அறைக்குத் தரை போடலாம். அதில் உப்பைத் தடுக்கும் மேல்தோல் ஒரு மைக்ரான்கூட இல்லை. அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் தண்ணீர் மட்டும் கடக்கும், உப்பு பின்தங்கும். அந்தப் பின்தங்கியதுதான் ரிஜெக்ட்.

அவள் கேள்வி அங்கேதான் வருகிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, அடர் நிறமாக இருந்தால், லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு போடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனையும் ரிஜெக்டில் சேரும். அதை எவாபரேட்டரில் காய்ச்சிச் சுண்டவைத்துச் சோடியம் சல்பேட்டாகப் படிய வைக்கிறார்கள். சுத்தமாக வந்தால் அதே உப்பு மறுபடி சாயத் தொட்டிக்குப் போகும். கலப்பு உப்பாக வந்தால் மூட்டை கட்டி அடுக்க வேண்டியதுதான், யாரும் வாங்க மாட்டார்கள். காய்ச்ச ஆகும் செலவோ தண்ணீரின் விலையை விழுங்கிவிடும். ஆர்.ஓ.வில் இன்னும் கொஞ்சம் தண்ணீரை எடுத்து ரிஜெக்டைக் குறைக்கத் தெரிந்தவருக்குத் தொழிலில் மதிப்பு இருப்பது அதனால்தான். பெரிய ஆட்களே முட்டி மோதும் இடத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள்.

"சாயத் தண்ணியக் குடிக்க வைக்கப் போறாளா?" என்று மாமா சிரித்தார். சிரிக்க வேண்டியதில்லை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்தம் செய்து நேராகக் குடிநீரில் கலக்கிறது. சிங்கப்பூரின் நியூவாட்டர் 2003 முதல் நடக்கிறது. அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் ஏரிகளில் கலந்து குடிநீராகிறது. ஆனால் மாமாவின் கிண்டலில் ஒரு நியாயம் இருக்கிறது. விண்ட்ஹூக்கில் தொழிற்சாலைக் கழிவைத் தனிக் குழாயில் பிரித்து, குடிநீராகப் போகும் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் என்.டி.எம்.ஏ. என்ற நச்சு வேதிப்பொருள் போன்ற மின்னூட்டம் இல்லாத குட்டி மூலக்கூறுகள் ஆர்.ஓ.வையே ஓரளவு தாண்டிவிடும். அவற்றை உடைக்கப் புறஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும். தொழிற்சாலைத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைக் குடிநீராக்குகிறேன் என்று சொல்வது வெறும் துணிச்சல். அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் துறையில் இன்னும் தீராத வேலை. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் 2019 முதல் தலா 4.5 கோடி லிட்டர் அளவில் நகரக் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. அதனால் மிச்சமாகும் நல்ல தண்ணீர் மனிதர்களுக்கு. இப்போதைக்கு நம் ஊருக்கு இதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இன்னொன்று. ஆர்.ஓ.வைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் பெயர் சௌரிராஜன், இந்தியாவில் பிறந்தவர். இதை மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, ஐயா, உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். "இருபது வருஷம் அந்த நாத்தத்துல நின்னுட்டேன், எம்புள்ளையும் அங்கயா நிக்கணும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஸ்லட்ஜ் என்ற கழிவுச் சேறு நாறும். தொடக்கச் சம்பளம் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசும்படி இருக்காது. பல நிலையங்களில் இரவு ஷிஃப்டில் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறைகூட இருக்காது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் நிற்கப்போவது நீங்கள் நின்ற இடத்தில் அல்ல. குளோரின் மிச்சம் இருந்தால் சவ்வு பொசுங்கிவிடும் என்று அளந்து பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்பவள் அவள். புதிதாக ஒரு நிலையம் கட்டும்போது எத்தனை சவ்வு, எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போடுபவள் அவள். அடைத்துப்போன சவ்வை அறுத்துப் பிரித்து, படிந்தது சிலிக்காவா, கால்சியமா, கிருமிப் படலமா என்று சொல்லும் வேலைகூட உண்டு. துறையில் அதற்கு மெம்பிரேன் ஆட்டாப்சி, அதாவது போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர்.

படிக்க வேண்டியது கெமிக்கல் இன்ஜினியரிங். கலந்தாய்வில் முதல் விருப்பமாகக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியை எழுதட்டும். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அடுத்து கோவை சி.ஐ.டி., பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரிகள். எதுவும் அமையாவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி. அதுவும் இதே இடத்துக்கு வந்து சேரும் பாதைதான். இன்ஜினியரிங் படித்தால் மூன்றாம் வருஷத்திலிருந்து, எம்.டெக். சேர்வதற்கான கேட் என்ற தேசிய அளவிலான தேர்வுக்குத் தயாராகட்டும். 2021 முதல் அதில் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மெம்பிரேன் ஆராய்ச்சிக்கென்றே பெயர்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் குஜராத்தில் பாவ்நகரில் இருக்கிறது. உப்பைப் பற்றிக் கேட்ட பெண் அங்கே போய்ச் சேர்ந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் இதெல்லாம் என் ஆசை, அவள் ஆசையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ஒன்று செய்யுங்கள், ஐயா. உங்கள் பட்டறைத் தண்ணீர் போகும் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆள் இருப்பார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டப் போகும் நேரத்தில் மகளை அங்கே கூட்டிப்போங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். எவாபரேட்டர் பக்கம் வெக்கை அடிக்கும், அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்கட்டும். நீங்கள் பேசாமல் தள்ளி நில்லுங்கள், அவள் கேட்கட்டும். பார்த்துவிட்டு வந்து "எனக்கு இது வேண்டாம்ப்பா" என்றால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாருங்கள், முதலிலிருந்து பேசலாம். மாமாவும் ஸ்பீக்கரில் வரட்டும்.