வயலில் மரம் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வரப்பில் மரம் வைத்தால் நிழல் விழுந்து பயிர் குன்றாதா?

பதில்: கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளைக் கழிக்காமல் விட்டால் குன்றும். நட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வருகிறது. வெப்பமண்டலத்தில் மர வரிசையைக் கிழக்கு மேற்காக அமையுங்கள். நிழல் பெரும்பாலும் வரிசையை ஒட்டியே விழும். தெற்கு வடக்காக வைத்தால் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று வயலுக்குள் நீளும். விதைப்புக்கு முன் பக்கக் கிளைகளைக் கழியுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டும். அதை விட்டு வெளியே வெட்டினால் காயம் மூடிக்கொள்ளும். வளையத்தையும் சேர்த்துச் சீவினால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம்.

கேள்வி: சீக்கிரம் வளரும் மரம் எது?

பதில்: எதற்கு? தழையா, தடியா, தீவனமா, வேலியா?

கேள்வி: தழைக்கும் வேலிக்கும்.

பதில்: கிளைரிசிடியா. போத்து, அதாவது தடித்த கிளைத்துண்டு வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். ஆனால் கவாத்து முக்கியம்.

கேள்வி: எந்த மரமானாலும் பயிருக்குப் போட்டிதான். பயிர் நிற்கும் மழைக்காலத்தில் இலையை உதிர்த்து வழிவிடும் மரம் உலகத்தில் உண்டா?

பதில்: உண்டு. ஆப்பிரிக்காவின் பைதர்பியா அல்பிடா. மழைக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். கோடையில் பச்சை பிடிக்கும். அதனடியில் தானியம் விதைக்கிறார்கள், கோடையில் காய்கள் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகின்றன.

கேள்வி: ஒரு மரத்தைக் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது.

பதில்: சரி, மரத்தை விடுங்கள், முறையைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் தெற்கில் 1980-களிலிருந்து உழவர்கள் நாற்று நடாமலே ஏறத்தாழ 50 லட்சம் எக்டேரில் மரங்களை மீட்டிருக்கிறார்கள். வயலில் உயிரோடு கிடந்த பழைய அடிக்கட்டைகள் துளிர்த்தன. நல்ல துளிர்களை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தார்கள். போட்டி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை அடக்குவது அரிவாள் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: வேர்ப் போட்டிக்கும் அரிவாளா?

பதில்: அதற்கு மண்வெட்டி. இளமரமாக இருக்கும்போதே, மூன்று நான்கு அடி தள்ளி, பயிர்ப் பக்கம் மட்டும் இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் போல வெட்டுங்கள். மேலாகப் பரவும் வேர் அறுபடும். சுற்றிலும் வெட்டினால் காற்றில் சாய்ந்துவிடும்.

கேள்வி: சீக்கிரம் வளரும் மரம் ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். தேவையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: காற்றுத்தடுப்புக்கு மரங்களை நெருக்கி, சுவர் மாதிரி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சுவரில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். பாதிக் காற்று ஊடே கசிந்து போகட்டும். அப்படி அமைந்தால் மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்றின் வேகம் குறையும்.

கேள்வி: நாளை நாற்று வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் வேர் கயிறு போலச் சுருண்டிருந்தால் வாங்காதீர்கள். சில வருடம் செழித்துவிட்டு ஒரு காற்றில் அடியோடு சாயும்.