பச்சையா, நீலமா? பழைய டிரம் ஷீட்: வாசகர் கேள்வி, பதில்

எங்கள் ஆலயப் பாடகர் குழுவிடம் 1960களில் வந்த இங்கிலாந்து டிரம் செட் இருக்கிறது. மேலே ஒட்டிய ஷீட் பச்சை ஸ்பார்க்கிள். பெரியவர்களோ 'வந்தபோது அது நீலம்' என்கிறார்கள். தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமின் ஷீட் உடைந்துவிட்டது. எந்த நிறம் வாங்குவது?
– வாசகர், ஏற்காடு

பெரியவர்கள் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்பார்க்கிள் ஷீட்டில் அடியில் ஒரு தளம், அதன் மேல் மினுக்குத் துகள், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளிச்சமும் வயதும் சேர்ந்து அந்த மேல்படலம் மஞ்சளாகிவிடும். மஞ்சள் கண்ணாடி வழியே நீலத்தைப் பார்த்தால் பச்சை. வெள்ளி ஸ்பார்க்கிளும் இதே காரணத்தால்தான் பொன்னிறமாகத் தெரிகிறது. பலர் அதை ஷாம்பெயின் ஸ்பார்க்கிள் (வெளிர் பொன்னிற ஷீட்) என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள்.

சந்தேகம் தீர ஒரு லக்கை (டிரம்மின் பக்கவாட்டில் போல்ட் முறுக்கும் உலோகக் கட்டை) கழற்றிப் பாருங்கள். டிரம் சாவியால் எதிரெதிர் போல்ட்டுகளாகத் தளர்த்தி, ரிம்மையும் (விளிம்பு வளையம்) ஹெட்டையும் (அடிக்கும் தோல்) எடுத்தால் உள்பக்கம் லக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். சில பழைய லக்குகளுக்குள் சின்ன ஸ்பிரிங் இருக்கும். துள்ளிப் போனால் தேடவே அரை நாள் ஆகும். லக் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் பட்டிருக்காது. அந்த இடம் நீலமாக இருந்தால் கேள்வி முடிந்தது. கம்பெனி பெயர் பொறித்த பேட்ஜுக்கு அடியிலும், ஷீட்டின் இரு முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இணைப்பிலும் இதே சாட்சி கிடைக்கும்.

ஆனால் வாங்க வேண்டியது நீலம் அல்ல. ஒரு டாமுக்கு மட்டும் மாற்றுவதானால் மற்ற டிரம்கள் இன்று எந்த நிறத்தில் இருக்கின்றனவோ அதற்குத்தான் ஜோடி தேட வேண்டும். செட் முழுவதற்கும் ஷீட் மாற்றினால் மட்டுமே பழைய நீலத்துக்குப் போகலாம்.

நிறத்தைவிடத் துகளின் அளவுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு அட்டையில் 1 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டிப் பழைய ஷீட் மேல் வைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கண்ணில் இடுக்கிக்கொள்கிறார்களே, அதே லென்ஸ். துகள்கள் ஒரே அளவா, பெரிதும் சிறிதும் கலந்தா, இடைவெளியில் அடித்தளம் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்காரரிடம் 2 அங்குலத் துண்டு மாதிரி கேளுங்கள். செல்போன் படத்தை நம்பி முழு ஷீட் வாங்காதீர்கள். மாதிரியைப் பகலில், ஜன்னலோரத்தில், நேராக ஒருமுறை, சாய்த்து ஒருமுறை பழையதன் அருகில் வைத்துப் பாருங்கள். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ஷீட்டுகள் வெயிலில் மாமன் மச்சான் உறவுகூட இல்லாமல் நிற்கும்.

இன்னொன்று: 1960களின் பிற்பகுதி வரை இங்கிலாந்தின் பிரீமியர் கம்பெனி செட்டுகளின் ஷெல் (டிரம்மின் மர உடல்) இன்றைய அளவைவிடச் சற்றுப் பெரிது. இன்றைய ஹெட்டே இறுக்கிப் பிடிக்கும் ஷெல்லில் தடித்த ஷீட் ஒட்டினால் ஹெட் இறங்காது. உங்களுடையது பிரீமியர் என்றால் பழைய ஷீட்டின் தடிப்பை வெர்னியரால் அளந்து, அதற்கு மேற்படாத ஷீட் கேளுங்கள்.

பழைய ஷீட் என்ன பொருள் என்று அறிய ஒரு சில்லை நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்கிறார் எங்கள் ஆசாரி. செய்யலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

கூடவே கூடாது. பழைய ஷீட்டுகளில் பல செல்லுலாய்டு, அதாவது நைட்ரோ செல்லுலோஸ். பழைய சினிமா பிலிம் செய்த பொருளும் இதுதான். பற்றினால் சீறிக்கொண்டு எரியும். ஹீட் கன்னையும் இதன் அருகில் கொண்டு போகாதீர்கள்.

நெருப்பே தேவையில்லை. ஷீட்டின் ஓரத்தில், ரிம் மறைக்கும் இடத்தில், கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். சூடம் மணந்தால் செல்லுலாய்டு. அதை இளக்கமாக்கச் சேர்ப்பதே கற்பூரம்தான். வினிகர் போலப் புளித்த வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிய செல்லுலோஸ் அசிடேட். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் இந்த இரண்டையும் கரைக்கும், பிவிசியையும் இளக்கும். அதனால் அசிட்டோன் சோதனை மட்டும் எதையும் தீர்மானிக்காது. பாலியெஸ்டர் பிலிம் அதற்கு அசையாது.

செல்லுலாய்டு செட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். அது விடும் அமில வாயு வெளியேற வழியின்றித் தன்னையே அரிக்கும், லக்கின் முலாமையும் அரிக்கும். துணி உறை போதும்.

பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963 முதல் வாசித்த செட்டில் இருந்த கறுப்பு ஆய்ஸ்டர் (சிப்பி போல மினுங்கும்) ஷீட் எங்கள் லட்விக் கம்பெனி செட்டிலும் இருக்கிறது. அதே பெயரில் வாங்கிய புது ஷீட் பொருந்தவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ஆத்தூர்

அப்படிச் சொல்ல முடியாது. பெயர் ஒன்றுதான், கோலம் வேறு. லட்விக்கிலேயே 1960களின் ஆய்ஸ்டரில் நீளவாக்கில் ஓடும் கீற்றுகள் இருக்கும். 1970ஐ ஒட்டி வந்தது பெரிய சுழிகளோடு பௌலிங் பந்து மாதிரி இருக்கும். ஷீட் வாங்கும்முன் மூன்றைப் பாருங்கள்: கீற்றின் அகலம், அது ஷெல்லைச் சுற்றி ஓடுகிறதா மேலும் கீழுமாக ஓடுகிறதா, சாய்த்தால் மினுமினுப்பு நகர்கிறதா. பழைய பெர்ல் (முத்து மினுமினுப்பு) ஷீட்டில் மீன் செதிலிலிருந்து எடுத்த சாரம் கலந்திருக்கும். அதனால் சாய்க்கும்போது வெளிச்சம் உள்ளே புரளும். லென்ஸில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அச்சடித்த படம். மேடையில் பத்தடி தள்ளி நின்றால் பரவாயில்லை, பழையதன் பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும்.

12 அங்குல டாமுக்கு ஷீட் ஒட்ட எவ்வளவு வெட்டுவது? எந்தப் பசை? மெல்லிசைக் குழு செட், ஜப்பான் தயாரிப்பு, பழையது.
– வாசகர், சூரமங்கலம்

முதலில் பழைய ஷீட்டை இழுக்காதீர்கள். 1960களின் ஜப்பான் செட்டுகள் பலவற்றில் ஷீட்டின் முனை ஷெல்லின் இணைப்புக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். இழுத்தால் பிளைவுட்டின் மேலடுக்கும் சேர்ந்து உரியும். இணைப்பை ஒட்டிக் கூரான பிளேடால் கீறிவிட்டு, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் ஒரு ஓரமாகக் கிளப்புங்கள். இந்தச் சூடுகூட, ஷீட் செல்லுலாய்டு இல்லை என்று உறுதியானால் மட்டும்.

ஷீட் உரித்த ஷெல்லைச் சுற்றி டேப் வைத்து அளங்கள். 12 அங்குல விட்டத்துக்குக் கணக்குப்படி சுற்றளவு 37.7 அங்குலம், முனைகள் ஏற 1 அங்குலம் கூட்டினால் 38.7. ஷெல்லுக்கு ஷெல் வித்தியாசம் இருப்பதால் கணக்கைவிட டேப்பையே நம்புங்கள். உயரத்தில் மேலும் கீழும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடம் விடுங்கள். ஹெட் உட்காரும் விளிம்பின் மேல் ஷீட் ஏறினால் சுருதி சேராது, ஹெட்டும் கோணும்.

பசைக்கு மைக்கா ஒட்டும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 வகை காண்டாக்ட் பசை. ஷெல்லிலும் ஷீட்டின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10–15 நிமிடம், காயவிடுங்கள். இரண்டும் தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. எனவே இடையில் ஒரு நீளக் காகிதத்தை வைத்து, கோட்டுக்கு நேர்செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தை உருவிக்கொண்டே ரோலரால் அழுத்துங்கள். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் இந்த வேலை வேண்டாம்: பசை குளிர்ந்து ஈரம் படிந்தால் மேலே வெள்ளைத் திரை விழும், பிடிப்பு இருக்காது. சேலத்து மே மாத மத்தியானத்தில் நேர்மாறு, பரப்பி முடிப்பதற்குள் காய்ந்துவிடும்; காலையிலேயே முடித்துவிடுங்கள்.

லக்குகளுக்கான ஓட்டைகளை ஷெல்லின் உள்ளிருந்து, முதலில் சிறிய பிட்டால் போட்டு, வெளியே ஒரு மரக்கட்டையைத் தாங்கலாகப் பிடியுங்கள். பிறகு வட்ட அரத்தால் பெரிதாக்குங்கள். ஒரே அடியில் பெரிய பிட் போட்டால் ஓரம் சில்லாக உடையும். பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வெள்ளைப் பெர்ல் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வைக்க முடியுமா?
– வாசகர், குகை

மேலே படிந்த புகையும் அழுக்கும் போகும்: ஈரத்துணி, ஒரு சொட்டு சோப்பு, உடனே உலர்ந்த துணி. அதற்குப் பிறகும் நிற்கும் மஞ்சள் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. தேய்த்தால் பளபளப்புதான் போகும். தின்னர், ஸ்பிரிட், அசிட்டோன் எதுவும் பக்கத்தில் வர வேண்டாம்.

உடைந்த இடத்தில் ஒட்டு போடுவதானால் இணைப்புக்கு அடியில் இருக்கும் துண்டை வெட்டி எடுக்காதீர்கள். வெயில் படாத அந்தத் துண்டு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்; மஞ்சள் நடுவே ஒட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.