நெரிசலில் மட்டும் சூடேறும் கிட் கார்: ரேடியேட்டர் வாங்கும் முன்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.8 லிட்டர் இன்ஜினை வைத்து, லோட்டஸ் செவன் என்ற பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் ஒரு கிட் காரை (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் காரை) வீட்டிலேயே கட்டி முடித்திருக்கிறேன். ரேடியேட்டர் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோவினுடையது. பின்னால் ஒரு மின் ஃபேன். ஹீட்டர் வைக்கவில்லை. மோட்டார்வேயில் 88 டிகிரியில் நிற்கும் வெப்பமானி முள், சிக்னல் நெரிசலில் 105 வரை ஏறுகிறது. தடிமனான அலுமினிய ரேடியேட்டரும் மின்சார வாட்டர் பம்பும் வாங்கலாமா? நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மோட்டார்வே வேகத்தில் இன்ஜின் கக்கும் வெப்பம், சும்மா நின்று ஓடும்போது கக்குவதைவிடப் பல மடங்கு அதிகம். அவ்வளவையும் இந்தப் போலோ ரேடியேட்டர் தாங்குகிறது என்றால் அதன் அளவு போதும். நிற்கும்போது சூடு, ஓடும்போது குளிர்ச்சி என்றால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. வேகமாகப் போகும்போது சூடேறினால்தான் ரேடியேட்டரின் அளவையும் நீரோட்டத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே ஃபேனிலிருந்து தொடங்குங்கள். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ரேடியேட்டரோடு ஒட்டி நிற்க வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வயர் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். அடுத்து, இன்ஜினும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் இணைப்பில் மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். 13-க்கு மேல் இருக்க வேண்டும். 11 காட்டினால் வயர் மெல்லியது, அல்லது எர்த் (மின்சாரம் சேஸிஸ் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லை. கிட் கார்களில் இது அடிக்கடி நடக்கும். சேஸிஸ் முழுக்க பவுடர் கோட்டிங், மூக்குப் பகுதி ஃபைபர் கிளாஸ். எர்த் போல்ட் பெயின்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தைச் சுரண்டி இரும்பு தெரியவைத்து மாட்டுங்கள். ஃபேனுக்குத் தனி ரிலே (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின் சுவிட்ச்), தனி ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

ஃபேனை நேராக ரேடியேட்டர் மீதே கட்டியிருந்தால் அந்த வட்டத்துக்குள் மட்டுமே காற்று இழுக்கப்படும். நான்கு மூலைகளும் வீண். ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, அதன் வழியாகவே ஃபேன் காற்றை இழுக்கவைக்கும் ஷ்ரவுட் என்ற கூடு ஒன்றை அலுமினியத் தகட்டில் நீங்களே செய்யலாம். நீங்கள் நினைத்திருக்கும் தடிமனான ரேடியேட்டர் இந்த இடத்தில் நிலைமையை மோசமாக்கவும் கூடும். அதன் வழியாகக் காற்றை இழுக்க ஃபேன் இன்னும் அதிகமாகத் திணறும்.

ஷ்ரவுடைவிட முக்கியமான, பலரும் கவனிக்காத வேலை இடைவெளிகளை அடைப்பது. மூக்கின் வழியாக நுழையும் காற்று எளிய வழி தேடும். ரேடியேட்டருக்கும் மூக்குக்கும் நடுவே விரல் நுழையும் இடம் இருந்தால் காற்று அந்த வழியாகவே நழுவிவிடும். நிற்கும்போதோ, பின்னால் போன சூடான காற்றே அதே இடைவெளியில் முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் இழுக்கப்படும். தகடும் தடித்த ஃபோமும் வைத்து நான்கு பக்கமும் இறுக்கமாக அடையுங்கள். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். போனட்டில் துளை வைப்பதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். விண்ட்ஸ்கிரீன் அடியில் காற்றழுத்தம் அதிகம். ஓடும்போது அங்கே காற்று வெளியேறாது.

பிறகு ஏர் லாக், அதாவது குழாய்க்குள் சிக்கி நீரோட்டத்தைத் தடுக்கும் காற்று. செவன் வகைக் காரில் மூக்கு தாழ்வானது. ரேடியேட்டர் இன்ஜினைவிடக் கீழே இருக்கும். நீர் ஊற்றும் ஹெடர் டேங்க்தான் முழு அமைப்பிலும் மிக உயரமான புள்ளியாக இருக்க வேண்டும். ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதியின்) உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்கள் அதற்கு வரவேண்டும். இல்லையேல் உள்ளே சிக்கிய காற்று வெளியேறவே வெளியேறாது.

இனி உங்கள் இன்ஜினுக்கே உரிய ஒரு விஷயம். எம்எக்ஸ்-5 இன்ஜின், மாஸ்டா 323 போன்ற கார்களில் குறுக்காக வைக்கப்பட்ட இன்ஜினின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மாஸ்டா முன்பக்கத்துக்கு மாற்றியது. வாட்டர் பம்பும் முன்னால்தான். முன்னால் நுழைந்த நீரில் பெரும்பகுதி முன்னாலேயே வெளியேறிவிடுவதால் கடைசியில் உள்ள 4-ஆம் சிலிண்டருக்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து நீரை இழுத்துக்கொண்டிருந்தது ஹீட்டர் குழாய். ஹீட்டர் வேண்டாம் என்று அந்த வாயை அடைத்திருந்தால் அந்தச் சிறிய ஓட்டமும் நின்றுவிட்டது என்று பொருள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ரேடியேட்டருக்கு ஒதுக்கிய பணத்தை இதைச் சரிசெய்யவே செலவிடுவேன். தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டருக்கு ஹோஸ் கொண்டுபோகும் பாகங்கள் தயாராகவே விற்கின்றன. ரீரூட் என்று கேட்டால் கிடைக்கும். மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் நீர் சிறிது சுற்ற ஒரு பைபாஸ் வழி இருக்க வேண்டும். ஃபேன் சுவிட்ச் முன்பக்கத்தில் இருந்தால் அதையும் ஓடும் நீருக்கு மாற்ற வேண்டும்; தேங்கிய நீரில் இருக்கும் சுவிட்சுக்கு உண்மை வெப்பம் தெரியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். அது எப்போது திறப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. முழுதாகத் திறந்தபின் குளிர்விப்பது ரேடியேட்டரின் வேலை. கழற்றினால் குளிர்காலத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழையதைச் சந்தேகித்தால் பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கி, எந்த டிகிரியில் திறக்கிறது என்று பாருங்கள். மின்சார பம்பும் வேண்டாம். சாதாரணச் சாலை ஓட்டத்துக்கு, பெல்ட்டில் ஓடும் பம்பைவிட நம்பகமானது எதுவுமில்லை.

105-ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. நீரும், அது உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸும் சேர்ந்த சரிபாதிக் கலவை, அழுத்தம் இல்லாதபோது 107 டிகிரி அருகில் கொதிக்கும். நீர் ஊற்றும் வாயில் சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால் 125-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். புது மூடி விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள். இங்கிலாந்துக் குளிரில் ஆன்டிஃப்ரீஸ் இல்லாமல் வெறும் நீரோடு காரை விடவே கூடாது.

வேலையை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே நெரிசல் சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் 92-இல் ஓடத் தொடங்கி, சில நிமிடங்களில் முள் தானாகக் கீழே இறங்கி ஃபேன் நின்றுவிட்டால் காற்றோட்டம் சரியாகிவிட்டது. ஃபேன் நிற்காமல் ஓடியும் முள் இறங்கவில்லை என்றால், அப்போது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.