அரச நண்டுக்கு எத்தனை கால்?

அன்புள்ள ஐயா,

வட நோர்வேயில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். அரச நண்டு வரும் நாட்களில் கால்களை எண்ணிப் பார்ப்பேன். கொடுக்கையும் சேர்த்து எட்டுதான் வருகிறது. நண்டுக்குப் பத்துக் கால் அல்லவா? தமிழ்நாட்டில் படித்த என் மனைவி, இதுதான் விலங்கியல் புத்தகத்து லிமுலஸ் என்கிறார். அது சரியா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் வீட்டு வழக்கை முடித்துவிடலாம். லிமுலஸ் என்பது குதிரைலாட நண்டு. சிலந்தி, தேள் வகையறா. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால் நம் பாடநூலிலும் 'அரச நண்டு' ஆகிவிட்டது. உங்கள் மனைவி மீது தப்பில்லை.

கால் கணக்குக்கு வருவோம். அடுத்த முறை ஓட்டைப் பிரிக்கும்போது பின்பக்கம் செவுள் அறைக்குள் பாருங்கள். குச்சி போல் மெலிந்த ஒரு ஜோடி மடங்கிக் கிடக்கும். செவுளைத் துடைத்துச் சுத்தம் செய்கிற கால்கள் அவை.

அப்புறம், பெண் நண்டு கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். வயிற்று மடல் ஒருபக்கம் கோணியிருக்கும்; இடப்பக்கத் தகடுகள் பெரியவை. முட்டைகளைத் தாங்கும் குட்டிக் கால்களும் பெரும்பாலும் இடப்பக்கம்தான். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கும் இதே கோணல் உண்டு, சங்கின் சுருளுக்கு வளைந்து கொடுத்த உடம்பு அது. அரச நண்டின் மூதாதை துறவி நண்டுதான் என்று 1992-ல் கன்னிங்காமும் சகாக்களும் டிஎன்ஏவை ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கோணல் வயிற்றை வேறு எப்படியும் விளக்கத் தெரியவில்லை. வாடகைச் சங்கை விட்டு வந்ததும் வளர்ச்சிக்குத் தடையில்லை: உங்கள் மேசைக்கு வரும் சிவப்பு அரச நண்டு கால் விரித்தால் 1.8 மீட்டர் வரை போகும்.

இந்தக் குடும்பத்தில் 120-க்கும் மேற்பட்ட இனங்கள். குளிர்ந்த நீரே பிடிக்கும் என்பதால், வெப்பக் கடல்களில் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியில் பிடிபடும் சென்டோயாவும் இந்தக் குடும்பம்தான்.

உங்கள் ஊர் நண்டு பசிபிக்கிலிருந்து வந்த வந்தேறி. 1960-களில் சோவியத்காரர்கள் பாரன்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்டார்கள், அது நோர்வேக்கும் நடந்து வந்துவிட்டது. இப்போது 26 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே அளவு வைத்துப் பிடிக்கிறார்கள். மேற்கே எவ்வளவும் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடக்கூடாது. உங்கள் தொழிற்சாலை கோட்டுக்கு எந்தப் பக்கம்?